ஏழையின் தலையிடி



தலையிடியைப் பற்றிப் பேசவும் ஒரு மேடையா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காய்ச்சற்காரனின் நெற்றி சுடும். கால் முறிந்தவன் கட்டுப் போட்டிருப்பான். ஒற்றைத் தலையிடிக்காரனிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் அவன் சோம்பேறி என்ற பெயரையும் சேர்த்துச் சுமக்கிறான்.

உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரை இந்நோய் பீடிக்கிறது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வாட்டுகிறது. 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணிப்பின்படி, மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களுள் இது இரண்டாவது. இளம் பெண்களிடையே முதலாவது.

படித்தவர்க்கும் சீமான்களுக்குமே இது வரும் என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவில் 20,468 பேரை விசாரித்து 1992இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஆண்டு வருமானம் 10,000 டொலருக்குக் குறைந்த வீட்டாரிடையே இந்நோய், 30,000 டொலரும் அதற்கு மேலும் பெறுவோரிடையே காணப்பட்டதைவிட 60 வீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது.

“நோய் வந்தபடியாலன்றோ அவர்கள் வேலையிழந்து ஏழைகளானார்கள்?” என்று கேட்டோர் உண்டு. நியாயமான கேள்வியே. 2013இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 1,60,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு இதற்கு விடை தேடியது. வருமானம் குறைந்தோரிடையே நோய் புதிதாகத் தொடங்குவது அதிகம். தொடங்கிய நோய் விட்டு நீங்குவதிலோ ஏழை, செல்வர் என்ற வேற்றுமை இல்லை. எனவே வறுமையான வாழ்க்கையே நோயைத் தூண்டுகிறது என்னும் பக்கமே சான்று சாய்கிறது.

இதில் வியப்பென்ன? இந்நோய்க்கான இயல்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நித்திரைக் குறைவும், நேரந்தவறிய உணவும், மனக்கவலையும் அதைத் தட்டியெழுப்புகின்றன. நெருக்கமான சேரியில் இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடும் தாய்க்கு இவற்றில் எது குறைவு?

விவசாயிகளே, இது பட்டணத்தாரின் கதை என்று நீங்கள் எழுந்து போய்விட வேண்டாம். பெங்களூரிலும் அதைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலும் 2,329 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு ஓராண்டுக்குள் இந்நோய் வந்திருந்தது. நாட்டுப்புறத்தில் அது நகரத்திலும் பார்க்க அதிகமாகவே இருந்தது.

பரிகாரம் எட்டாக்கனியன்று. அஸ்பிரின், பரசிட்டமோல் போன்ற மலிவான குளிசைகளை, வைத்தியர் சொன்ன அளவில், நோவு தொடங்கியவுடன் எடுத்தால் பலருக்குக் குணமுண்டு. அடிக்கடி வருவோருக்குப் புரொப்பிரனலோல் தடுப்பு மருந்தாக உதவும். இழுப்பு நோயுள்ளோர்க்கு அது ஆகாது. ஆனால் கூலி போய்விடுமே என்ற பயத்தில், மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் கடைக் குளிசையை மாதக்கணக்காக விழுங்கினால், அக்குளிசையே தீராத தலையிடியைத் தந்துவிடும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. அயலிலுள்ள சிறு வைத்தியசாலையிலேயே இந்நோய் அறியப்பட்டு மருந்து கிடைக்க வேண்டும். வேலைத்தலத்தில் நேரத்துக்கு உணவும் ஓய்வும் வேண்டும். நோவு வந்த நாளில் படுத்தவரைக் கள்ளன் என்று எண்ணாத மனம் வேண்டும். முதலிரண்டையும் அரசிடமும் முதலாளியிடமும் கேட்டுப் பெறுவோம். மூன்றாவதை இன்றிரவே நம் வீட்டிலிருந்து தொடங்கலாம்.