வீழ்ச்சிக்குப் பின் விசுவாசம்



சமய வரலாறுகள் யாவும் வீரரைப் போற்றுகின்றன. உயிர் போயினும் உறுதி குலையாதவர், உடைமை அனைத்தும் இழந்தும் உள்ளம் கலங்காதவர் ஆகியோரின் கதைகளைக் கேட்கையில் நம் நெஞ்சம் நிமிர்கிறது. ஆயினும், கேட்டு முடித்து அன்றாட வாழ்வுக்குத் திரும்பும்போது, நாம் அவர்களைப் போன்றவர் அல்லர் என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. ஜெபம் தளர்ந்துவிடுகிறது. செய்யோம் என்று கடவுள் முன்னிலையில் உறுதி கூறியதையே செய்துவிடுகிறோம். உண்மையைப் பேசவேண்டிய இடத்தில் வாய் திறவாதிருந்துவிடுகிறோம். யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறருக்கு ஆறுதல் கூறுவது எளிது. சறுக்கியது நம் அடியாக இருக்கும்போது அப்பழமொழி போதுவதில்லை. விழுந்தவர் மீண்டும் விசுவாசத்தில் நிலைபெற இயலுமா? இயலுமாயின் எவ்வாறு? இவ்வினாவையே இன்று நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

திருச்சபை இவ்வினாவை ஏட்டளவில் அன்றித் தன் வாழ்விலேயே எதிர்கொண்ட காலம் ஒன்று உண்டு. கி.பி. 249ஆம் ஆண்டில் ரோமப் பேரரசனான டேசியஸ், நாட்டின் மக்கள் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்றும், பலியிட்டதற்குச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்றும் ஆணை பிறப்பித்தான். அச்சீட்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்து நாட்டின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. அவை 250ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களுக்கு உரியவை. எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டுப் படைத்ததை உண்டேன் என்னும் பொருளுடைய வாசகம் அவற்றில் காணப்படுகிறது. கண்டவர்களின் கையொப்பமும் உண்டு. ஒரு சீட்டு எழுபத்திரண்டு வயது முதியவர் ஒருவருக்குரியது. வலப்புருவத்தில் தழும்பு உடையவர் என்று அடையாளமும் குறித்திருக்கிறார்கள். ஒரு பேரரசு மனிதரின் மனச்சாட்சியைப் பதிவேட்டில் ஏற்ற முயன்றதை அத்துண்டுத் தாள்கள் இன்றும் காட்டுகின்றன.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் மாநகரில் அப்போது ஆயராக இருந்தவர் சிப்பிரியான். தம் சபையாருள் மிகப் பலர் வீழ்ந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். பிடித்து இழுக்கப்படுமுன்பே தாமாக ஓடிப் பலியிட்டவர் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் கூறியும், இன்றே முடித்துவிடுங்கள் என்று மன்றாடியவரும் உண்டு. சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டனர். சிலர் சிறையில் நெடுநாள் நின்று, வதையின் கொடுமை தாங்காமல் இறுதியில் இணங்கினர். வீழ்ச்சி என்னும் ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள்!

புயல் சற்றுத் தணிந்ததும், வீழ்ந்தவர் பலர் கண்ணீரோடு திருச்சபையின் வாயிலுக்குத் திரும்பினர். அவர்களை என் செய்வது என்பதே அன்று எழுந்த பெருஞ்சிக்கல். இரு விடைகள் தோன்றின. ரோமாபுரியில் நோவேஷியன் என்பவரும் அவரைச் சார்ந்தோரும், மறுதலித்தவருக்குத் திருச்சபையில் மீண்டும் இடமில்லை என்றனர். கார்த்தேஜிலோ மற்றொரு கூட்டத்தார், வீழ்ந்தவரை உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். சிறையில் உறுதியாக நின்றவர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதங்கள் அவர்களுக்குத் துணையாயின. இன்னாரையும் அவரைச் சேர்ந்தோரையும் ஏற்றுக்கொள்க என்று, எத்தனை பேர் என்ற கணக்குமின்றி எழுதப்பட்ட கடிதங்களும் அவற்றுள் இருந்தன.

ஒன்று கதவை அடைக்கும் விடை. மற்றொன்று கதவே இல்லாமற் செய்யும் விடை. முன்னது விழுந்தவரை அவநம்பிக்கையில் ஆழ்த்துகிறது. பின்னது நேர்ந்தது வீழ்ச்சியே அன்று என்று கூறி, உள்ளே புண்ணை வைத்து மேலே தோலை மூடுகிறது. இரண்டும் விழுந்தவரை உண்மையாக எழுப்புவதில்லை.

சிப்பிரியானும் ஏனைய ஆயர்களும் 251ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடி இடைவழியைத் தேர்ந்தனர். எல்லாரையும் ஒரே கோலால் அளத்தல் ஆகாது. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும். சீட்டு மட்டும் வாங்கியவர் வேறு, பலியிட்டவர் வேறு. மனம் வருந்துதல் வேண்டும், அதற்குக் காலமும் வேண்டும். ஆயினும் நம்பிக்கையின் வாயில் எவருக்கும் முற்றிலும் அடைபடுதல் கூடாது என்று கண்டனர். வதையினால் இணங்கிய மூவர் மூன்றாண்டுகள் அழுது வருந்திக் காத்திருந்ததைப் பற்றி ஆயர்கள் சிலர் சிப்பிரியானிடம் வினவியபோது, அத்தகையோர்க்கு இரக்கம் காட்டத் தகும் என்பதே அவர் கருத்தாயிற்று. மீண்டும் ஒரு துன்பக்காலம் நெருங்குவதாகத் தோன்றியபோது, மனம் வருந்தி நின்ற யாவரையும் சேர்த்துக்கொள்வது என்று நாற்பத்திரண்டு ஆயர்கள் முடிவு செய்தனர். அவர்கள் கூறிய காரணம் கருதத்தக்கது: போருக்குச் செல்பவனைப் படைக்கலமின்றி அனுப்புதல் கூடாது. விழுந்தவர் நின்று காட்டட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணவில்லை. சேர்த்துக்கொண்டால்தான் அவர்கள் நிற்க இயலும் என்று உணர்ந்தனர்.

அவ்வுணர்வு வீணன்று என்பதற்கு அக்காலக் கடிதங்களிலேயே சான்று உண்டு. முதன்முறை பலியிட்ட சிலர் மறுமுறை சோதிக்கப்பட்டபோது உறுதியாக மறுத்து, உடைமைகளை இழந்து, நாடு கடத்தப்பட்டதைக் கல்தோனியு என்ற ஆயர் சிப்பிரியானுக்கு எழுதியிருக்கிறார். சிப்பிரியானின் வாழ்வையும் இங்கே நினைத்தல் தகும். 250இல் துன்பம் மூண்டபோது அவர் ஊரைவிட்டு மறைந்து வாழ்ந்தார். மந்தைக்காகவே மறைந்ததாக அவர் கூறினார். அஞ்சி ஓடினார் என்று பிறர் ஏசினர். 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், அவரே தம் மக்களின் நடுவே கார்த்தேஜில் வாளுக்குத் தலை கொடுத்தார். ஒரு நாளின் செயலைக்கொண்டு ஒரு மனிதரை முற்றும் அளந்துவிட இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந்த இடைவழி ஆயர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. நற்செய்தி நூல்களிலேயே அதன் வேர் உள்ளது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்து நின்ற பேதுரு, தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அச்சொல் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மறுதலிப்பு மும்முறை, அன்பு உண்டா என்ற கேள்வியும் மும்முறை. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஆண்டவர் கேட்கவில்லை. நடந்ததை மறைக்கவும் இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவின் உள்ளம் நொந்தது. அந்நோவின் நடுவிலேயே, மந்தையை மேய்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மன்னிப்போடு வேலையும் கிடைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யூதாசும் மனம் வருந்தியவனே. முப்பது வெள்ளிக்காசையும் வீசி எறிந்தான். ஆனால், அவன் தனியே சென்றுவிட்டான். பேதுருவோ அழுத பின்னும் உடன்சீடரை விட்டு அகலவில்லை. கடற்கரைக்குச் சென்ற எழுவருள் அவரும் ஒருவர். வருத்தம் இருவருக்கும் பொது. தனிமையே ஒருவனைக் கொன்றது, உறவு மற்றவரைக் காத்தது எனலாம்.

பேதுரு அதன்பின் ஒருபோதும் தடுமாறவில்லையா? தடுமாறினார். அந்தியோகியாவில் பிறவினத்தாரோடு உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். நிலைத்திருத்தல் என்பது ஒருமுறை எழுந்து பின் என்றும் விழாமல் நடத்தல் அன்று. எழும் வழியை மறவாதிருத்தலே நிலைத்திருத்தல்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, வீழ்ச்சியை வீழ்ச்சி என்றே ஒப்புக்கொள்ளுதல். சூழ்நிலையின்மேல் பழி போடும்வரை புண் ஆறுவதில்லை. இரண்டாவது, தனிமையை நாடாதிருத்தல். நாணம் நம்மை ஆலயத்தின் கடைசி இருக்கைக்கும், பின்னர் வாயிலுக்கும், பின்னர் வீதிக்கும் தள்ளும். அந்நாணத்திற்கு இணங்காமல், நம்பத்தக்க ஒருவரிடமேனும் உள்ளதை உள்ளபடி கூறுதல் நலம். மூன்றாவது, உணர்ச்சி திரும்பட்டும் என்று காத்திராமல், கையில் உள்ள சிறு கடமையைத் தொடங்குதல். பழைய ஆர்வம் இல்லாதபோதும் காலையில் சொல்லும் ஒரு சிறு ஜெபம், நோயாளி ஒருவரைச் சென்று காணுதல், பகைத்தவரிடம் ஒரு நல்ல சொல் ஆகியவையே நமக்கு அளிக்கப்படும் மேய்ப்புப் பணி.

விழாதவர் என்று தம்மை எண்ணுவோர்க்கும் இதில் பொறுப்பு உண்டு. திரும்பி வருபவரை முகம் சுளித்து வரவேற்பதும், ஒன்றும் நடவாததுபோல் பேசி அனுப்புவதும் அன்பாகா. வருந்துவதற்கு அவருக்குக் காலம் தரவேண்டும். அக்காலம் முழுதும் அவர் அருகிலிருக்க வேண்டும். செய்வதற்கு ஒரு பணியும் தரவேண்டும்.

டேசியஸ் மன்னன் 251ஆம் ஆண்டிலேயே போர்க்களத்தில் மாண்டான். அவனுடைய சீட்டுகள் மணலில் புதைந்தன. அவன் ஆணைக்கு அஞ்சி வீழ்ந்து, அழுது, மீண்டும் எழுந்தவர்களின் திருச்சபையோ நிலைத்தது. அவர்களை எழுப்பிய இரக்கம் நமக்கும் உரியது என்று நம்பி, விழுந்த இடத்திலிருந்தே நாமும் நடையைத் தொடர்வோமாக.