கூரைத் தட்டும் விண்வெளியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நமது நாட்டின் விண்வெளித் திட்டத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்தார்கள். மண்டப வாசலில் ஒரு தகப்பனார் என்னை நிறுத்தி, "ஏன் சார், விண்வெளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டே விட்டார். "உங்க வீட்டுக் கூரையில இருக்குங்க சம்பந்தம்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேடையில் நேரம் போதாமல் விட்டுப்போன செய்திகளையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன்.

நம் தோட்டத்து லயங்களில் நடந்து பாருங்கள். கூரைக்குக் கூரை ஒரு தட்டு. எல்லாத் தட்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஏன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா? என் வகுப்பில் ஒரே ஒரு மாணவி கேட்டாள். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே கீழே நிற்கும் நமக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் இருக்கும். கிள்ளானில் நின்று பார்த்தால், உச்சந்தலைக்குச் சற்று மேற்கே அந்த இடம். புக்கிட் ஜாலிலிலிருந்து மேலே போகும் படம் அங்கே தொட்டுத் திரும்பி உங்கள் தட்டில் விழக் கால் விநாடிதான் ஆகிறது. மழை கொட்டினால் மட்டும் படம் போய்விடும். அம்மா தொடரை விட்டுவிட்டுத் திட்டுவார். அத்தனை தூரம் பழுதில்லாமல் வந்த அலையைக் கடைசி இரண்டு மூன்று மைலில் நம் ஊர் மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. தட்டைத் தட்டுவதில் பயனில்லை. மழை விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த இடத்தில் முதன்முதலாக மலேசியாவுக்கென்று ஒரு செயற்கைக்கோளை நிறுத்தியது 1996 ஜனவரியில். பெயர் மீசாட்-1. தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. அதே ஆண்டு நவம்பரில் மீசாட்-2. இதற்குப் பின்னால் நின்றவர் யார் தெரியுமா? பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஒரு தமிழர்!

பிரிக்பீல்ட்ஸ் என்றால் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பின்னர் ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர் நிறையப் பேர் குடியிருந்த இடம். அங்கே 1938இல் பிறந்து, அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு விக்டோரியா கல்விக்கூடம், மெல்பர்ன், ஹார்வர்ட் என்று ஏறிப்போனவர் ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பர் 28ஆம் நாள் தமது 86ஆம் வயதில் காலமானார். அவர் பெரும் பணக்காரர். அது எல்லாருக்கும் தெரியும். அவருடைய வியாபாரத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அதில் பலருக்குப் பல கருத்துண்டு. தமிழில் அரிச்சுவடி படித்த ஒரு பையன் வளர்ந்த பிறகு, இந்நாட்டின் முதல் செயற்கைக்கோள் மேலே போனது என்ற அந்த ஒரு செய்தியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று யோசிக்கின்ற பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

மீசாட் விலைக்கு வாங்கியது. நாமே கைவைத்துச் செய்யக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தியூங்சாட்-1 போனது. தியூங் என்றால் மலாயில் மைனா. எடை 50 கிலோதான். நம் கடையில் வாங்கும் இரண்டு பெரிய அரிசி மூட்டை கனம். இங்கிலாந்திலுள்ள சர்ரே நிறுவனத்தாரோடு நம் பொறியாளர்கள் சேர்ந்து செய்தது. ஏவுகணையாகச் செய்யப்பட்ட ஒரு ராக்கெட்டைத்தான் ரஷ்யர்கள் மாற்றியமைத்து அதைச் சுமக்கவிட்டார்கள். குண்டு சுமக்க வேண்டியது மைனாவைச் சுமந்தது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அடுத்தது ராசாக்சாட். நம் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் பெயர். 180 கிலோ. 2009 ஜூலை 14ஆம் நாள் பசிபிக் கடலில் குவாஜலீன் தீவுக்கூட்டத்திலிருந்து பால்கன்-1 ராக்கெட்டில் போனது. இதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. மற்ற நாட்டுப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் வடதுருவம் தென்துருவம் என்று மேலும் கீழுமாகச் சுற்றுகின்றன. நம் தலைக்கு மேல் அவை எப்போதாவதுதான் வரும். வருகிற அன்றும் நம் ஊரில் மேகம் மூடியிருக்கும். ராசாக்சாட்டோ நடுக்கோட்டை ஒட்டியே சுற்றியது. ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் நம் பக்கம் வரும். ஒரு தடவை மேகம் என்றால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். நம் வானத்தை அறிந்த நம் ஆட்கள் யோசித்தது இது. ஆனால் ஏறத்தாழ ஓராண்டிலேயே அது பழுதாகிவிட்டது. இரண்டாவது ராசாக்சாட் என்று பேசினார்கள், அது மேலே போகவே இல்லை. கொண்டாட வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மறைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாதி வரலாறுதான் போய்ச் சேரும்.

இனி 2007 அக்டோபர் 10. இரவு 9.22. அப்போது எனக்கு வயது பதினைந்து. பக்கத்து வீட்டில் பெரிய தொலைக்காட்சி; லயமே அங்கேதான் கூடியிருந்தது. கசக்ஸ்தானின் பைக்கானூரிலிருந்து சோயுஸ் கிளம்பியது. உள்ளே பெக்கி விட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, யூரி மாலென்சென்கோ என்ற ரஷ்யர், நம்முடைய டாக்டர் ஷேக் முசாபர் ஷுக்கோர். எலும்பு மருத்துவர், கோலாலம்பூர்க்காரர். தீ கக்கிக்கொண்டு அது ஏறும்போது மூக்கன் தாத்தா என்று நாங்கள் கூப்பிடும் கிழவர், "ஏறிட்டான்டா!" என்று கத்தினார். அவருக்கு யார் ஏறினார்கள் என்பது சரியாகத் தெரியாது. நம்மாள் என்பது மட்டும் தெரியும். ரமலான் மாதம் அது. நோன்புப் பெருநாளை விண்வெளி நிலையத்திலேயே கொண்டாடி, மற்றவர்களுக்குச் சாத்தேயும் பலகாரமும் கொடுத்தார் நம் டாக்டர். புற்றுநோய் அணுக்களைக் கொண்டுபோய் ஆராய்ச்சி செய்தார். அக்டோபர் 21ஆம் நாள் திரும்பினார்.

சும்மா கிடைத்த வாய்ப்பு அல்ல அது. 2003இல் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானம் வாங்கியபோது அந்த வியாபாரத்தோடு சேர்த்துப் பேசிக்கொண்டது. அதனால் "விண்வெளி வீரரா, உல்லாசப் பயணியா?" என்று கேலி பேசினவர்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், அந்தக் கேலி அவர் மேல் விழுந்தது நியாயமில்லை. ஓராண்டு ரஷ்யாவில் பயிற்சி எடுத்து, ரஷ்ய மொழி கற்று, உயிரைப் பணயம் வைத்துப் போனவர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவருக்குப் பிறகு இரண்டாமவர் ஏன் போகவில்லை?

அதற்கு முந்தின ஆண்டுக்கு வருகிறேன். 11,000 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். ஓடவைத்து, நீந்தவைத்து, உடம்பைச் சோதித்துக் கழித்துக்கழித்துக் கடைசியில் நான்கே பேர். அதில் ஒருவர் பெண். தமிழ்ப் பெண். பெயர் வனஜா. பத்திரிகையில் நால்வர் படமும் வந்த அன்று, செம்பனைக் காட்டில் உரம் போட்டுவிட்டு வந்த என் அம்மா, கையைக் கழுவிவிட்டு அந்தப் படத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவில் சோற்றுப் பசை தடவி ஒட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில். "போவாளாடா தம்பி?" என்று தினமும் கேட்பார். 2006 செப்டம்பரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வனஜா அதில் இல்லை. எனக்குக் கோபம். அம்மாதான், "நாலு பேர்ல ஒருத்தியா நின்னாளே, அது போதாதா?" என்றார். "போதாதும்மா" என்றேன். அன்றைக்கு முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கும் இதே வாக்குவாதம். படத்தை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. வீடு மாறியபோதுதான் கதவோடு போயிற்று.

இப்போது நான் ஆசிரியன். அந்த வாக்குவாதம் இன்னும் எனக்குள் தீரவில்லை. இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைகளைவிடக் கீழே உட்கார்ந்து கை தட்டிய பிள்ளைகள்தான் அதிகம். அவர்களில் ஒருவரிடம் போய் "முயன்றதே போதும்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. போதாது என்று சொல்லவும் மனம் வருவதில்லை. டாக்டர் பைஸ் காலிட் என்பவரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராணுவப் பல் மருத்துவர். தேர்வான இரண்டு பேரில் இரண்டாமவர். ஷேக் முசாபர் படித்த அத்தனையும் படித்தார். ஒரே பயிற்சி, ஒரே உடை. முதலாமவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் இவர் போயிருப்பார். கண்டிருக்கவில்லை, ராக்கெட் மேலே போக இவர் தரையில் நின்றார். தயாராக நின்றவருக்கும் விண்வெளித் திட்டத்தில் ஓர் இடம் உண்டு என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். டாக்டர் மஸ்லான் ஒத்மான். சிரம்பானில் பிறந்தவர். நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கோலாலம்பூர் லேக் கார்டன் பக்கம் நீலக் குவிமாடத்தோடு நிற்கிறதே தேசியக் கோளரங்கம், அதை உருவாக்கி நடத்தியவர். 2002இல் தொடங்கிய தேசிய விண்வெளி நிறுவனத்துக்கு முதல் தலைவர். ஐக்கிய நாட்டு சபையின் விண்வெளி அலுவலகத்துக்கே தலைவராய் இருந்தவர். நம் கோளரங்கத்தை ஒரு பெண் கட்டினார் என்று சொன்னால் என் வகுப்புப் பெண்பிள்ளைகள் "நெஜமாவா சார்?" என்கிறார்கள்.

இந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் கோபிப்பார்கள். 1963 நவம்பர் 21இல் தும்பா என்ற மீனவக் கிராமத்தில், ஒரு பழைய தேவாலயத்தை அலுவலகமாக்கிக்கொண்டு, ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு தொடங்கினவர்கள். 1979 ஆகஸ்டு 10இல் அப்துல் கலாம் தலைமையில் விட்ட முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. பதினொரு மாதம் கழித்து 1980 ஜூலை 18இல் அடுத்தது ஏறியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23இல் நிலவின் தென்பகுதியில் இறங்கியதை நம் நேரம் இரவு எட்டரைக்கு நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தினது 2019இல் இறங்கும்போது மோதி உடைந்தது. அவர்களுக்கும் நமக்கும் மூளையில் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விழுந்த மறுநாள் மறுபடி வேலைக்கு வந்தார்கள். நாம் ராசாக்சாட்டோடு கோப்பை மூடிவிட்டோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

இரண்டு நாடும் சேர்ந்து போனதும் உண்டு. 2018 நவம்பர் 29இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய ராக்கெட்டில் நம் இன்னோசாட்-2 என்ற சிறிய செயற்கைக்கோளும் ஒரு பயணி. 2022 ஜூன் 22இல் நம் மீசாட்-3டியும் இந்தியாவின் ஜிசாட்-24ம் ஒரே ஏரியான் ராக்கெட்டில் போயின.

கோப்பு மறுபடி திறக்கப்படுகிறது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. 2019இல் இரண்டு அமைப்புகளை இணைத்து மலேசிய விண்வெளி நிறுவனம் வந்தது. 2022இல் விண்வெளிக்கென்றே தனிச் சட்டம். 2025 ஜனவரியில் உஸ்மாசாட்-1 என்ற செயற்கைக்கோளை ஒரு மலேசிய நிறுவனம் மேலே அனுப்பியிருக்கிறது. நாம் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமி சுழலும் வேகமே ராக்கெட்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் தள்ளுதல் கொடுக்கும். அந்த வசதியை வைத்து இங்கே ஏவுதளம் அமைக்கலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. பேச்சு எப்போது செயலாகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் ஓர் இடம் ஏற்கனவே இருக்கிறது, வெகு அருகில். கிள்ளானுக்குத் தெற்கே பந்திங்கில் தேசிய விண்வெளி மையம். செம்பனையும் தென்னையும் சூழ்ந்த ஊர். செயற்கைக்கோளோடு பேசுவதற்கான பெரிய தட்டுகள் அங்கே இருக்கின்றன. நம் தட்டு கேட்கத்தான் செய்யும். அந்தத் தட்டுகள் பேசவும் செய்யும். அதில் வேலை பார்க்கக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களா, வேறு பாடங்களா என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நம் பிள்ளைகளில் பலர் அந்தத் தாளில் அறிவியலைத் தொடாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெற்றோர்களே, அந்தத் தாள் வீட்டுக்கு வரும் அன்று தயவுசெய்து எங்களை வந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்கு வந்தாலும் சரி.

முதலில் பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள். பேருந்து வாடகைக்குப் பாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மீதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். தட்டு ஏன் ஒரே பக்கம் பார்க்கிறது என்று கேட்டாளே ஒரு மாணவி, அவள் பெயர்தான் அதில் முதல் பெயர்.