விதையும் வயலும்: இளைஞரின் தன்னடக்கம் பற்றி
(நெமிலிச்சேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர்க் கூட்டங்களில் சாலை, குடிநீர், வாய்க்கால் ஆகியவற்றைப் பேசி முடித்தபின், பெரியவர் ஒருவர் எழுந்து இளைஞரைப் பற்றிக் குறை கூறுவது வழக்கம். குடிக்கிறான், கைப்பொருளை ஒரே நாளில் தொலைக்கிறான், ஒரு சொல் பொறாமல் கைநீட்டுகிறான். உடனே பக்கத்திலிருப்பவர், “அவன் அப்பன் எப்படி? நூலைப் போல சேலை” என்று தீர்ப்புக் கூறிவிடுவார். விசாரணை அத்தோடு முடிந்தது. பிறகு அப்பிள்ளைக்கு வேலை கொடுப்பாரும் இல்லை, பெண் கொடுப்பாரும் இல்லை. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறோம்.

அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நுண்ணிய கூறுகளை மரபணு என்கிறோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்றே. இரு கருக்களில் உண்டான இரட்டையர் மற்ற உடன்பிறந்தாரைப் போன்றவர்களே. இவ்விரு வகையினரையும் ஒப்பிட்ட பல ஆராய்ச்சிகளை 2019-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், தன்னடக்கத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு மரபினால் வருவது எனக் கணித்தனர். இக்கணக்கு ஒரு கூட்டத்தாரைப் பற்றியது. தனி ஒரு பையனின் குணத்தில் 60 பங்கு அவன் தந்தையுடையது என்று அதற்குப் பொருளில்லை. சூழ்நிலை மாறினால் கணக்கும் மாறும்.

உழவர்களுக்கு இது புதிதன்று. பழைய நெட்டை நெல் வகைகளுக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் பயிர் ஓங்கி வளர்ந்து சாய்ந்துவிடும். 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 என்னும் குட்டை ரகமோ அதே உரத்தை ஏற்றுக் கதிராக்கித் தந்தது. உரமில்லாத வயலில் இவ்வேற்றுமை அவ்வளவாகத் தெரிந்திராது. விதைக்குள் இருந்த குணத்தை வயல்தான் வெளிக்கொணர்ந்தது.

பின்லாந்து நாட்டில் 16 முதல் 18 வயது வரையுள்ள இரட்டையரின் குடிப்பழக்கத்தை ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாட்டுப்புறத்தில் குடும்பமும் ஊரும் அப்பழக்கத்தைப் பெரிதும் நிர்ணயித்தன. பட்டணத்தில் மரபின் பங்கு ஓங்கியிருந்தது. மது மிகுதியாக விற்கும் இடங்களிலும், மக்கள் குடிவந்தும் பெயர்ந்தும் போகும் இடங்களிலும் மரபு தன் வலிமையை அதிகம் காட்டிற்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், பிறவியிலேயே நாட்டம் உள்ளவனுக்கும் அதைத் தீர்த்துக்கொள்ள வழி குறைவு.

இவ்வூரையே பாருங்கள். சென்னை–அரக்கோணம் ரயில் பாதை முன்பே உண்டு. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-இல் திறக்கப்பட்டது. இங்கிருந்து மீஞ்சூர் வரையுள்ள பகுதி 2021-இல் திறக்கப்பட்டது. பட்டணம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரை நோக்கிய பாட்டனாரின் கண் இப்போது இல்லை. (அக்கண் சாதி பார்த்தும் கண்டித்தது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை, அது போனதற்காக முழுதும் வருந்தவும் இல்லை.) ஆனால் அதனிடத்தில் வேறொன்றை நாம் வைத்தோமா?

இனி, பணமுடையைப் பற்றி ஒரு சொல். நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆராய்ச்சி 2013-இல் வெளியாயிற்று. வெட்டுமுறையை ஆலையே வகுத்துத் தருவதால், ஒரே மாதத்தில் ஒருவருக்குப் பணம் வந்திருக்கும், அடுத்தவருக்கு வந்திராது. ஆகவே பருவத்தின்மேல் பழி போட இயலாது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே. ஒரு சோதனையில் “5 5 5” என்று காட்டுவார்கள். நாவில் முந்தி வரும் ஐந்தை அடக்கி, எண்கள் மூன்று இருப்பதால் ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். பணமுடையில் இருந்தபோது அதே விவசாயிகள் மெதுவாகவும் பிழையாகவும் விடை கூறினர். ஆள் மாறவில்லை, மரபணு மாறவில்லை, கையிருப்பு மாறியது.

அவர்கள் வயது வந்தவர்கள். மனத்தை அடக்கும் முன்மூளை 25 வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடையும் என்கையில், பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். சொர்ணவாரிப் பயிர் வயலில் நிற்கும் ஜூன் மாதத்தில்தான் கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டும். தகப்பனாருக்கும் பொறுமையில்லை, மகனுக்கும் பொறுமையில்லை. அம்மாதத்தில் நடந்த ஒரு சண்டையைக் கொண்டு ஒருவனுடைய குலத்தை எடைபோடுவது நியாயமன்று. கூட்டுறவுச் சங்கத்துக் கடன் அப்போது கைக்குக் கிட்டுமா என்று கேட்பது பயன் தரும்.

மதுக்கடை எங்கே இருக்கலாம், 21 வயது நிரம்பாதவருக்கு விற்கிறார்களா என்பவற்றைக் கிராம சபையில் எழுப்பலாம். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை இளைஞர் எங்கே இருக்கிறார்கள் என்பதும் ஊராட்சியின் விஷயமே. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள் பலவற்றில் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தனர். அவை பூட்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். உங்கள் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பதைக் கூட்டம் கலையுமுன் விசாரித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.