கிராமவாசமும் நம்மவர் வீடுகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சொந்த ஊருக்குத் திரும்பிக் குடியிருத்தல் நலமா, அன்றோ என்னும் விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு திறத்தார். ஒரு திறத்தார் பட்டணத்தில் பத்தாவது மாடியில் இருந்துகொண்டு கிராமத்தைப் புகழ்வர். மற்றைத் திறத்தார் கிராமத்தில் இருந்துகொண்டு பட்டணத்துக்குப் போக வழி தேடுவர். இருவருடைய பேச்சிலும் உண்மையுண்டு. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசுவது அரிதாயிருக்கிறது. சங்கம் என்று ஒன்று இருப்பது அச்சந்திப்புக்காகவே என்று எண்ணி இன்று பேசத் துணிந்தோம்.

யாம் பேசப்போவது பொதுவாகக் கிராமங்களைப் பற்றியன்று. சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் நகரத்தார் குடியிருந்த ஊர்களைப் பற்றியே பேசுகிறோம். முன்னாளில் 96 ஊர்கள் என்றும், பின்னர் 70-க்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சின என்றும் சொல்லுவது வழக்கம். இவற்றுள் காரைக்குடியும் தேவகோட்டையும் பட்டணங்களாகிவிட்டன. எஞ்சியவற்றுட் பல, பிரதான ரஸ்தாவை விட்டு விலகி, நாளைக்குச் சிலமுறை மட்டும் பஸ் வந்து போகும் நிலையில் உள்ளன. அங்கே தெருத்தெருவாக மாளிகைகள் நிற்கின்றன. தெருவில் நடப்பாரைக் காணோம்.

முதலில் ஒன்றை நாம் தெளிவாக உணரவேண்டும். அம்மாளிகைகள் அம்மண்ணின் விளைவால் எழுந்தவை அல்ல. அது வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு ஒன்றும் அவ்வழியே ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையையும், கண்மாய்களையும், ஊருணிகளையும் நம்பி வாழ்ந்த நாடு அது. மாளிகைகளைக் கட்டிய பணம் பர்மாவிலும், இலங்கையிலும், மலாய் நாட்டிலும் ஈட்டப்பட்டது. பர்மாவின் கீழ்ப்பகுதியில் நெல் விளையும் 13 முக்கிய ஜில்லாக்களின் சாகுபடி நிலத்தில், நம்மவர் கைக்கு வந்திருந்தது 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. விலைவீழ்ச்சிக் காலம் கழிந்து 1938-இல் நூற்றுக்கு 25 பங்கு. அவ்வளவும் அந்நாட்டு உழவர் கடனுக்காக இழந்த நிலம் என்பதையும் நமக்குள் பேசும்போது மறைக்கலாகாது.

அக்காலத்தில் ஏஜெண்டாகவும் அடுத்தாளாகவும் கடல் கடந்து போன ஆடவர், மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை ஊர் திரும்பார். ஊரில் இருந்தவர் யார்? அப்பத்தாக்களும், ஆச்சிமார்களும், குழந்தைகளும், வயது முதிர்ந்த ஐயாக்களுமே. ஆகவே நம் முன்னோர் கிராமத்தில் இனிது வாழ்ந்தனர் என்று நாம் பேசும்போது, அவ்வாழ்வின் செலவைச் சுமந்தது ரங்கூனும் பினாங்கும் என்பதையும், அதன் உழைப்பையும் தனிமையையும் சுமந்தவர் பெண்மக்கள் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948-இல் அந்நாடு சுதந்தரம் பெற்றதும் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் பாங்கிகளும் வியாபாரமும் போயின. வருவாய் நின்றது, வீடுகள் நின்றன. பிள்ளைகள் சென்னைக்கும், கோயமுத்தூருக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். இதில் குறை கூற இடமில்லை. பிழைப்பு இருக்குமிடத்துக்குப் போவது நம் குலத்தின் பழைய வழக்கமேயன்றோ?

இங்கே காரைக்குடியைச் சற்று நோக்குங்கள். அழகப்பச் செட்டியார் 1947-இல் அங்கே கல்லூரி நிறுவினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் கொடுத்தார். அதற்கு 1948-இல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் அந்நிலையம் திறக்கப்பெற்றது. அதே காரைக்குடியிலும் மாளிகைகள் உண்டு. ஆனால் ஜனங்களை அங்கே நிறுத்தி வைத்தவை மாளிகைகள் அல்ல; பள்ளிக்கூடமும் கல்லூரியும் அவற்றைச் சார்ந்த வேலைகளுமே. சற்றுத் தள்ளி, அதைவிட அழகிய மாளிகைகளைக் கொண்ட ஊர்கள், அவை இல்லாமையால் வெறிச்சோடின. வீடு ஊரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, கிராமவாசத்தின் நன்மைகளைச் சொல்லுவோம். அவை கற்பனையல்ல. சித்திரை மாதத்து நண்பகலில், தலைவாசல் தாண்டி முகப்பையும் பட்டாலையையும் கடந்து வளவிற் போய் நின்றவர்களுக்கு அது தெரியும். தடித்த சுவர், முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்து மெருகேற்றிய பூச்சு, காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடிக் கல், நடுவே வானம். வெப்பம் மேலேறிப் போய்விடும். காற்று ஒரு தெருத் தலைவாசலிற் புகுந்து அடுத்த தெருப் பின்வாசலில் வெளியேறும். மழை பெய்தால் நாற்புறத்துக் கூரைநீரும் வளவில் விழும். அண்டாக்களை வைத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வடிகால் வழியே ஊருணிக்கு அனுப்புவார்கள். மழைநீர் சேமிக்கக் கட்டடந்தோறும் வசதி செய்யவேண்டும் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2003-இல் கட்டாயமாக்கியது. நம் வீடுகளிற் பல அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தன. இவ்விஷயத்தில் மட்டும் நாம் சற்றுப் பெருமை பாராட்டிக்கொள்ளலாம்.

செலவும் குறைவு. பட்டணத்தில் வாடகைக்கே போதாத தொகையில் ஊரில் இருவர் மாதம் முழுதும் உண்டு உடுத்திருக்கலாம். காலையிற் கோயில் மணி கேட்கும். இராத்திரியில் உறக்கம் வரும். திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதும், வளவில் கூடியிருந்து படைப்பு நடத்துவதும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலும் ஊரிற் செய்வதற்கும், பட்டணத்து வாடகை மண்டபத்திற் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை யாம் விளக்கவேண்டியதில்லை. 2020-இல் கொரோனாத் தொற்றினால் பட்டணங்கள் அடைபட்டபோது, நம்மவர் சிலர் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, முகப்பில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் உத்தியோகம் பார்த்தனர். குழந்தைகள் வளவைச் சுற்றி ஓடி விளையாடின. அப்போது, இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று சொல்லாதவர் இல்லை. தொற்று அடங்கியது, பெரும்பாலோர் போய்விட்டனர்.

ஏன் போயினர்? இங்குத்தான் நன்மையைச் சொன்ன அதே வாயால் கஷ்டத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது.

வைத்தியம் முதலாவது. நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டாலும், ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டாலும், காலந்தாழ்த்தாது தகுந்த ஆஸ்பத்திரியை அடைவதே உயிருக்கு ஆதாரம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 2008 முதல் 108 என்னும் எண்ணுக்குப் பேசினால் ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது. இது பெரிய உபகாரம். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசாங்க மருத்துவக் கல்லூரிகளும் ஏற்பட்டுள்ளன. எனினும் மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து சற்றேறக்குறைய 90 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. உள்ளூர்களிலிருந்து இன்னும் தூரம். எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவர், இருபது அறைகொண்ட வீட்டில், அண்டை வீடுகளெல்லாம் பூட்டியிருக்க வாழும்போது, ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்க முடியாது, கூப்பிட்டாலும் கேட்பாரில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தினம் தொலைபேசியிற் பேசுவது ஆறுதலேயன்றித் துணையாகாது.

அடுத்தது வீட்டைப் பராமரித்தல். ஓடு மாற்றவும், கரையான் அரிக்காமற் பார்க்கவும், வௌவால் அடையாமற் காக்கவும் ஆண்டுதோறும் செலவுண்டு. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அருகிவிட்டனர். அவசரத்துக்குச் சிமெண்டு பூசிவிடுகிறோம். அது ஈரத்தை வெளிவிடாமல் உள்ளேயே அடக்கிப் பழைய சுவரைக் கெடுக்கிறது. அன்றியும், வீடு யாருடையது? வளவைச் சுற்றி மகனுக்கு ஓர் இரட்டை வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை கழிந்தபின் ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் ஏற்பட்டுவிட்டார்கள். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தாலும், 2005-இல் மத்திய சட்டத்தாலும் பெண்மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் ஆண்மக்களோடு சமபங்கு ஏற்பட்டிருக்கிறது. இது நியாயமே, சீர் கொடுத்தோம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க இனி இடமில்லை. ஆனால் பங்கு கேட்க வருவோர் அனைவரும் கூரைச்செலவுக்கு வருவதில்லை. ஒருவர் பழுது பார்த்தால், அனுபவ பாத்தியதை கொண்டாடப் பார்க்கிறான் என்று மற்றவர் சந்தேகிக்கின்றனர். வழக்கு நீள்கிறது; வீடு விழுகிறது. கடைசியில் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பெயர்க்கப்பட்டுப் பழம்பொருட் கடைக்குப் போகின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உத்தேசப் பட்டியலிற் சேர்க்கப்பட்டதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். உத்தேசப் பட்டியல் எந்தத் தூணையும் தாங்கி நிற்காது.

இனிச் சொல்லுவதைத் தாய்மார்கள் இருக்கும் சபையில் ஒளிக்காமற் சொல்ல விரும்புகிறோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், "ஊருக்கே போய்விடலாம்" என்று உற்சாகமாகப் பேசுகிறார். பக்கத்தில் இருக்கும் ஆச்சி ஒன்றும் பேசுவதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்வது நம் ஆடவர் வழக்கம். கிராமவாசம் ஐயாவுக்கு முகப்பும், பத்திரிகையும், கோயிலும், நண்பரும். ஆச்சிக்கோ இரண்டாங்கட்டும், அடுப்படியும், கூட்டித் தீராத வளவும். பழைய நாளில் அந்த வீட்டை நடத்தப் பத்துப்பேர் வேலை செய்தார்கள். அற்பச் சம்பளத்துக்குச் செய்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் துபாய்க்கும் போயிருக்கிறார்கள். அது நல்லதே. அதை, "ஆள் கிடைக்கவில்லை" என்று நாம் அலுத்துக்கொள்வது அழகன்று. இன்று வேலைக்கு வருவோருக்குப் பட்டணத்திற் கொடுக்கும் கூலியைக் கொடுக்க மனமில்லாதவர் ஊருக்குப் போகாதிருத்தலே நலம். ஊர் நம்முடையது மட்டுமன்று; நாம் பூட்டிக்கொண்டு போன காலமெல்லாம் அங்கே இருந்து கண்மாயையும் கோயிலையும் காத்தவர்கள் பலர் உளர்.

பள்ளிப்பருவத்துப் பிள்ளைகளை உடைய இளைஞரை உள்ளூர்களுக்குப் போங்கள் என்று யாம் சொல்லமாட்டோம். அவர்கள் திரும்ப விரும்பினால் காரைக்குடி, தேவகோட்டை போன்ற இடங்களில் இருந்துகொண்டு ஊர்க் காரியங்களைப் பார்க்கலாம். உள்ளூருக்குப் போகத் தக்கவர் அறுபதை ஒட்டிய தம்பதிகள். எண்பதில் போவோர் அல்லர். எண்பதிற் போவது மகன் வீட்டில் இடம் போதாமையால் போவது. அதற்குக் கிராமவாசம் என்று பெயரிடுவது பொருந்தாது. அறுபதிற் போனால் ஊரிலே பழக்கம் ஏற்படும், துணை ஏற்படும், உடல் தளரும்போது தாங்குவார் இருப்பார்கள். தைமாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழநிவரை நடந்தே போகும் கால்கள் நம்மவரிடம் எத்தனையோ உண்டு. அக்கால்களுக்குச் சொந்த ஊரில் நான்கு நாள் தங்கினால் மட்டும் வலி கண்டுவிடுவது ஏனென்று எமக்கு விளங்கவில்லை.

தனியே போகவும் வேண்டாம். ஒரே தெருவில் மூன்று நான்கு குடும்பங்கள் பேசிக்கொண்டு போவதே முறை. முழு வீட்டையும் திறந்து ஆள வேண்டுவதில்லை. வளவை ஒட்டிய இரண்டு அறையும், புதிதாய் அமைத்த ஒரு சிறிய அடுப்படியும், உள்ளேயே குளியலறையும் போதும். மற்றவற்றை மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடலாம். மகன் விவாகமானதும் தனி அடுப்பு வைத்துப் புள்ளியாகக் கணக்கிட்ட குலம் நம்முடையது. ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே சமைத்துக்கொண்டு ஒற்றுமையாய் இருப்பது எப்படி என்று பிறர் நமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. நாலு குடும்பமும் சேர்ந்து, அழைத்தவுடன் வரும் ஒரு மோட்டாரையும், இரவில் துணையிருக்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துகொண்டால், முன்சொன்ன அச்சத்திற் பாதி நீங்கும். மற்றப் பாதி நீங்காது. அதை அறிந்தே போகவேண்டும்.

போவதற்கு முன்னரே பங்காளிகள் அனைவரும், பெண்மக்கள் உட்பட, கூடி எழுத்துமூலம் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்: இருப்பவர் இருக்கலாம், இருப்பதால் அவர் பங்கு கூடாது, கூரைச்செலவு பங்குவிகிதப்படி, இருபது வருஷம் யாரும் தூணைப் பெயர்க்கலாகாது. இதற்கு உடன்படாத வீட்டில் எவ்வளவு செலவிட்டாலும் வீணே என்பது எம் அபிப்பிராயம். இதைப் பற்றி ஆச்சிமார்கள் தங்கள் கருத்தைத் தாங்களே சபையில் எழுந்து சொல்லவேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் அத்துடன் விஷயம் முடிந்தது.

காரியதரிசியவர்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கமாகக் குறிப்புப் புத்தகம் ஒன்று தயாரித்திருக்கிறார்கள். தத்தம் ஊரில் எத்தனை வீடுகள் உண்டு, அவற்றுள் எத்தனை வீடுகளில் நாள்தோறும் அடுப்பு எரிகிறது, எத்தனை வழக்கில் உள்ளன, அங்கே தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்னும் நான்கு விவரங்களையும், வருகிற பிள்ளையார் நோன்புக்கு முன் எழுதி அனுப்புமாறு வேண்டிக்கொள்கிறோம். தனித்திருப்போர் இருக்கும் ஊர்களின் பெயரை முதலில் அனுப்புங்கள்.