“நாம்” என்னுஞ் சொல்



பிறர்பொருட்டுத் தன்னை ஒப்புக்கொடுத்தல் கிறிஸ்தவனுக்குரிய தருமமென நாமெல்லோரும் கூறுகிறோம். அது எம்மட்டும் செல்லுமென்பதற்குத் தமியான் பாதிரியாரின் சரித்திரமே போதும். பெல்ஜியம் தேசத்தில் 1840ஆம் வருஷம் பிறந்த அவர், நோயுற்ற தமையனாருக்குப் பதிலாக ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றவர். அந்நாட்டரசாங்கமோ 1865ஆம் வருஷத்துச் சட்டப்படி குஷ்டரோகிகளைக் குடும்பத்தினின்று பிரித்து, மொலோக்காய்த் தீவிலே, பின்னே செங்குத்தான மலையும் முன்னே கடலுமாயுள்ள ஒரு முனையில் விட்டுவந்தது. 1873இல், தமது 33ஆம் வயதில், தாமாகவே இசைந்து அவர் அங்கே போனார். புண்களைக் கழுவிக் கட்டினார். சவப்பெட்டிகளையும் தம் கையாலேயே செய்தார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார். கலத்தில் கைபடுதலைக் குறித்து நம்மவர் எத்தனை நியாயங்கள் பேசுவோமென்பது இச்சபைக்குத் தெரியாததன்று.

சென்ற சில மாதங்களுக்குள் தமையனாருக்கெழுதிய கடிதத்தில், பிரசங்கத்திலே “சகோதரரே” என்று விளியாமல், “குஷ்டரோகிகளாகிய நாம்” என்றே சொல்லிவருவதாகத் தெரிவித்தார். அப்பொழுது அவருக்கு நோய் கண்டிருக்கவில்லை. ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்குப் பின்னரே கண்டது. 1889 ஏப்ரல் 15இல் மரித்தார்.

நாமும் இச்சங்கத்தில் “நாம்” என்கிறோம், குலத்தாரையே கருதுகிறோம். புறத்தார்க்கு நிதியிலிருந்து கொடுப்பதுண்டு; ஆயினும் அவர்கள் “அவர்களே”. இக்காலத்தில் அந்நோய் மருந்தினால் முற்றும் நீங்குகிறது. நீங்கியும் ஊருக்குள் இடம் பெறாதார் நம் நாட்டில் உளர். வருகிற ஆண்டுவிழாப் பந்தியில், நம் வரிசையிலேயே அவர்களுக்கும் இலை போடுவதைக் குறித்து நிர்வாகிகள் இன்றே ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.