வெள்ளம் ஊறிய படச்சுருள்கள்

ஹெலன் ஹில் தம் அனிமேஷன் படங்களைக் கையாலேயே செய்தார். வெட்டி ஒட்டிய காகித உருவங்களும் பொம்மைகளும் அவற்றில் அசைந்தன. சில இடங்களில் படச்சுருளின் மேலேயே கீறியும் வண்ணம் பூசியும் வரைந்தார். 1970-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த அவர், பிலிமை வீட்டிலேயே கழுவவும் சாயமேற்றவும் மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று 'ரெசிப்பீஸ் ஃபார் டிசாஸ்டர்' என்ற செய்முறைக் கையேட்டைத் தொகுத்தார்.

பெரிய நிறுவனத்தின் படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், குளிரூட்டிய காப்பறை இருக்கும். தனிக் கலைஞரின் உழைப்பெல்லாம் பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும். சுருளின் மேல் நேரடியாக வரைந்ததற்கு நெகட்டிவும் கிடையாது. பிரதி எடுக்கும் முன் அது அழிந்தால் படமே போயிற்று.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் தாக்கி, நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. ஹில்லின் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அவருடைய படங்களும், குடும்பத்தோடு எடுத்த வீட்டுப் படங்களும் அழுக்கு நீரில் ஊறின.

பிலிமில் பிம்பம் தங்கியிருப்பது மெல்லிய ஜெலட்டின் பூச்சில். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பொருள் அது. தண்ணீரில் ஊறினால் உப்பி நெகிழும். பூஞ்சைக்கு அதுவே தீனி. நனைந்த சுருள் அப்படியே காய்ந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பிம்பம் உரிந்து வரும். ஆகவே பதறிப்போய் வெயிலில் காயவைப்பது கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் அமிழ்த்தியபடியே ஆய்வுக்கூடத்துக்கு விரைந்து கொண்டுசேர்க்க வேண்டும்.

ஹில் சுருள்களைத் தாமே பொறுமையாகத் துடைத்தெடுத்தார். அந்த வேலை முடியவில்லை. 2007 ஜனவரி 4 அன்று, வீட்டுக்குள் நுழைந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 36.

அவருடைய படைப்புகள் இப்போது ஹார்வர்ட் திரைப்படக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இத்தகைய காப்பகங்கள் மூலச்சுருளைக் குளிர்ச்சியான, ஈரப்பதம் குறைந்த அறையில் வைக்கின்றன. அசிட்டேட் பிலிம் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்குவதை அது தள்ளிப்போடும். புதிய பிலிமிலும் டிஜிட்டலிலும் பிரதி எடுத்த பிறகும் மூலத்தைத் தூக்கியெறிவதில்லை. கீறலின் ஆழமும் வண்ணத்தின் தடிப்பும் மூலத்தில் மட்டுமே தெரியும். 1995-இல் ஹில் மாணவியாக எடுத்த 'ஸ்க்ராட்ச் அண்ட் க்ரோ', 2009-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அவர் பாதியில் விட்ட படம் ஒன்றும் உண்டு. 2001-இல் நியூ ஆர்லியன்ஸ் தெருக் குப்பையில் கையால் தைத்த சுமார் 100 ஆடைகளை அவர் கண்டெடுத்தார். காலமான ஃப்ளோரஸ்டீன் கின்சன் என்ற தையற்காரப் பெண்மணி தைத்தவை அவை. அவரைப் பற்றி ஹில் தொடங்கிய 'தி ஃப்ளோரஸ்டீன் கலெக்‌ஷன்' படத்தைக் கணவர் பால் கெய்லியூனஸ் 2011-இல் முடித்தார். வெள்ளத்தில் ஊறிய வீட்டுப் படங்கள், நீர் அரித்த திட்டுகளோடும் கரைந்த வண்ணங்களோடும் அதில் ஓடுகின்றன.