மேடைக்கு முந்தைய நாடகம்

குழந்தை விளையாடத் தொடங்கும்போதே நடிக்கவும் தொடங்கிவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை தலையணையை மடியில் கிடத்தித் தாலாட்டும். விளக்குமாற்றின் மேல் ஏறி ஊர்கோலம் போகும். யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த இயல்பைப் பேணி வளர்ப்பது சிறுவர் அரங்கு. பெரியவர்கள் நடிக்கக் குழந்தைகள் பார்ப்பது அதன் ஒரு வகை. குழந்தைகள் தாமே கதை கட்டி, தாமே ஆடியும் பாடியும் பேசியும் பார்ப்பது இன்னொரு வகை. கூச்சத்தால் ஒடுங்கிய பிள்ளைக்கு வாய் திறக்கும் துணிவைத் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

இதற்குக் கோட்பாடு வகுத்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்லேட். அவருடைய ‘சைல்ட் டிராமா’ என்னும் நூல் 1954இல் வெளிவந்தது. குழந்தையின் நடிப்பைப் பெரியவர் நாடகத்தின் அரைகுறைப் பதிப்பாகக் கருதக் கூடாது, அது தனியே ஒரு கலை என்பது அவருடைய வாதம். சின்ன வயதிலேயே மேடையேற்றி எதிரே கூட்டத்தை உட்காரவைத்தால், பிள்ளை தன் கற்பனையில் ஆழ்வதை விட்டுவிட்டுப் பிறர் கண்ணுக்காக நடிக்கப் பழகிவிடும் என்று அவர் கவலைப்பட்டார். அவரைத் தொடர்ந்து பிரையன் வே, நாடகப் பயிற்சியின் நோக்கம் நடிகரை உருவாக்குவதன்று, மனிதரை வளர்ப்பது என்று 1967இல் விரிவாக எழுதினார்.

அமெரிக்காவில், சிகாகோ நகரில் குழந்தைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். 1963இல் வெளியான அவருடைய நூலில் உள்ள நாடக விளையாட்டுகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. ‘நன்று’ என்ற சொல்லுக்காக ஏங்கி, ‘தவறு’ என்ற சொல்லுக்கு அஞ்சி நிற்கும் குழந்தையால் எதையும் சொந்தமாகச் செய்துபார்க்க முடியாது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். அதனால் அவருடைய முறையில் பயிற்சியாளர் மதிப்பெண் போடுபவராக இருப்பதில்லை. தீர்க்க வேண்டிய ஒரு சிறு சிக்கலைக் குழுவின் முன் வைப்பதே அவர் வேலை. குழந்தையின் கவனம் அந்தச் சிக்கலில் குவியும்போது ‘என்னை எல்லாரும் பார்க்கிறார்களே’ என்ற அச்சம் தானாகப் பின்னுக்குப் போகிறது. தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும் எந்த அறிவுரையைவிடவும் இது ஆழமான உத்தி.

பயிற்சி நடக்கும் முறை எளியது. எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். வட்டத்தில் முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. முதலில் இருவர் இருவராகக் கண்ணாடி விளையாட்டு: ஒருவர் மெல்ல அசைய, எதிரில் நிற்பவர் அதை அப்படியே திருப்பிச் செய்கிறார். பேச்சு தேவையில்லை. பார்ப்பவரும் ஒரே ஒருவர்தான். அடுத்து நடுவில் ஒரு துண்டு வைக்கப்படுகிறது. ஒருவர் கையில் அது பாம்பாகும், இன்னொருவர் கையில் கைக்குழந்தையாகும், மற்றொருவர் கையில் மீன் வலையாகும். தவறான விடை என்று ஒன்று இதில் இருக்கவே முடியாது. பயந்த பிள்ளை முதன்முதலாகக் கை நீட்டுவது பலமுறை இந்த விளையாட்டில்தான். பிறகு குழுவாக உறைந்து நிற்கும் சிலைகள், சிலைகளுக்கு ஒவ்வொரு வரிப் பேச்சு, அந்தப் பேச்சிலிருந்து ஒரு கதை. வாரங்கள் செல்லச் செல்ல உடல் முதலில் இளகுகிறது, குரல் அதன் பின்னால் வருகிறது.

பள்ளி ஆண்டு விழாக்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகளுக்கு வசனம் கிடைக்கிறது. தயங்கும் பிள்ளை மரமாக நிற்கிறது, அல்லது திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே துணிவுள்ளவர்களுக்கே துணிவு சேர்கிறது. மனப்பாட வசனம் இடையில் மறந்துபோன பிள்ளைக்கு அந்த மாலை நீண்ட காலத்துக்குக் காயமாகத் தங்கிவிடலாம்.

தமிழில் இந்தத் துறைக்கு வளமான சான்றுகள் ஈழத்தில் உண்டு. 1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியோடு குழந்தை ம. சண்முகலிங்கம் பெயர் பிரிக்க முடியாதது. அவருடைய ‘கூடி விளையாடு பாப்பா’ சிறுவர் நாடகங்களில் குறிப்பிடத்தக்கது. சி. மௌனகுரு ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உதைத்த சின்ன முயல்’ ஆகியவற்றை எழுதினார். விலங்குப் பாத்திரங்கள் இத்தகைய நாடகங்களில் வெறும் வேடிக்கைக்காக வருவதில்லை. ஆடாகவும் முயலாகவும் மாறும் பிள்ளை, தன் பெயரில் சொல்லத் துணியாததை அந்த வேடத்துக்குள் இருந்து சொல்லிவிடுகிறது. ஈழத்துக்கு வெளியே, புதுச்சேரியில் வேலு சரவணன் தமது ஆழி குழுவின் மூலம் பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்காகவே நாடகம் போட்டுவருகிறார்.

இலங்கையின் போர்க்காலத்தில் மட்டக்களப்பில் உருவான வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை இங்கே தனியே சொல்ல வேண்டும். 1996இல் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன், இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் ஆகியோரின் முயற்சியில் அது தொடங்கியது. தமிழ், முஸ்லிம் கிராமங்களின் குழந்தைகள் மாதக்கணக்கில் வாரந்தோறும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், பாடினார்கள். இழப்பைப் பற்றி வாய்விட்டுப் பேசும்படி வற்புறுத்தாமல், வண்ணமும் மண்ணும் கதையும் பேசட்டும் என்று காத்திருந்தது அதன் பெருமை.

அந்தப் பொறுமையைச் சாதாரண வகுப்பறையும் கைக்கொள்ளலாம். பேசவே மறுக்கும் பிள்ளைக்குக் கையுறைப் பொம்மையோ காகித முகமூடியோ கொடுக்கலாம். தாளமோ மேளமோ அடிக்கும் பொறுப்பைத் தரலாம். சில வாரங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவும் விடலாம், பார்ப்பதும் பங்கேற்பே. விளையாட்டின் நடுவே வீட்டுத் துயரம் ஏதேனும் வெளிப்பட்டால் அதை மற்றவர் முன் கிளறக் கூடாது, ஆசிரியர் அறையில் கதையாக்கவும் கூடாது. பன்னிரண்டு வயதை ஒட்டிப் பிள்ளைகள் தாங்களே ‘யாருக்காவது காட்டலாமா’ என்று கேட்கும் காலம் வரும். முதல் முறை, கீழ் வகுப்புப் பிள்ளைகள் தரையில் சுற்றி உட்கார்ந்து பார்த்தால் போதுமானது. ஒலிபெருக்கியும் பரிசுக் கோப்பையும் அன்று தேவைப்படாது.